திறக்காத சிப்பி

2025-ஆம் வருஷம் ஜூன் மாதம் முதல் வாரத்தில் ஒரு கல்யாணத்துக்காகத் தூத்துக்குடிக்குப் போயிருந்தேன். என் தங்கை மகன் வீட்டில்தான் ஜாகை. கல்யாணச் சாப்பாட்டு மயக்கத்தோடு ஈஸிசேரில் சாய்ந்து பத்திரிகையைப் புரட்டிக் கொண்டிருந்தபோது ஒரு செய்தி கண்ணில் பட்டது. ஜப்பானிலுள்ள நிண்டெண்டோ கம்பெனியார் 'ஸ்விட்ச் 2' என்ற புதிய வீடியோ கேம் கருவியை ஜூன் 5-ஆம் தேதி வெளியிட்டிருக்கிறார்களாம். அதை வாங்குவதற்காகப் பல தேசங்களில் ஜனங்கள் நடுநிசியிலேயே கடை வாசலில் வரிசை கட்டி நின்றார்களாம். நாலே நாளில் 35 லட்சம் கருவிகள் விற்றுப் போனதாகப் பிற்பாடு கணக்கும் வந்தது.

அந்த வீட்டில் பன்னிரண்டு வயசுப் பையன் ஒருவன் இருக்கிறான். நமக்குத் தெரிந்த ஒரு புதுமையைச் சிறுவர்களிடம் சொல்லி, அவர்கள் முகம் மலர்வதைப் பார்ப்பதில் கிழவர்களுக்கு ஓர் அற்ப சந்தோஷம் உண்டு. பையனைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"தெரியும் தாத்தா" என்றான், கையிலிருந்த செல்போனை விட்டுக் கண்ணை எடுக்காமலே.

"உனக்கு வேண்டாமா அது?"

"அதுல என்ன தாத்தா இருக்கு? பழசு மாதிரியேதான். கொஞ்சம் பெரிசு."

அவ்வளவுதான். அதற்கு மேல் அந்தச் சமாசாரத்தில் அவனுக்குச் சிரத்தை இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் அப்பாதான் பெருமூச்சு விட்டான்.

"மாமா, இவன் வயசிலே எனக்கு அப்பா மெட்ராஸ் பர்மா பஜார்லேருந்து ஒரு டி.வி. கேம் வாங்கிட்டு வந்தாங்க. வாங்கிட்டு வரப் போறேன்னு ஒரு மாசம் முந்தியே சொல்லிட்டாங்க. அந்த ஒரு மாசமும் நான் ஒழுங்காத் தூங்கலை. பெட்டி வந்து இறங்கின அன்னிக்குத் தெருப் பையங்க பூரா நம்ம வீட்டுத் திண்ணையிலேதான்!"

இந்தக் காலத்துக் குழந்தைகளுக்கு எதிலும் ஆசையே இல்லை என்று ஒரு கட்டுரை எழுதிவிடலாம் என்று அப்பொழுதே தீர்மானித்து விட்டேன். தலைப்புக்கூட மனத்தில் தயாராகிவிட்டது. ஆனால் அன்றிரவு பத்து மணி சுமாருக்கு அந்தக் கட்டுரை பாழாய்ப் போயிற்று. உள் அறையிலிருந்து ஒரு கூச்சல். என்னவோ ஏதோ என்று ஓடிப் பார்த்தால், பையன் கட்டில் மேல் நின்று குதித்துக் கொண்டிருக்கிறான். முகத்தில் அப்படி ஒரு ஜொலிப்பு. செல்போனில் அவன் விளையாடும் விளையாட்டில் ஏதோ ஒரு பெட்டியைத் திறந்தானாம். அதற்குள்ளிருந்து யாருக்கும் லேசில் கிடைக்காத தங்க நிறத் துப்பாக்கி வந்ததாம்!

படுத்துக் கொண்டேன், தூக்கம் வரவில்லை. அந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று தோன்றிக் கொண்டே இருந்தது. விடியற்காலையில், துறைமுகத்துப் பக்கமிருந்து ஒரு கப்பல் சங்கு ஊதியபோது ஞாபகம் வந்தது. அதே தூத்துக்குடியில், 1960-ஆம் வருஷம், முத்துச் சலாபம் நடந்த கரையில் நான் பார்த்த முகங்கள் அவை. அவற்றில் ஒன்று என்னுடையது.

முத்துச் சலாபம் என்றால் என்னவென்று இப்போதுள்ள வாசகர்களுக்குக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். தூத்துக்குடிக்குக் கிழக்கே கடலுக்கு அடியில் பாறையும் கெட்டி மணலுமான திட்டுக்கள் இருக்கின்றன. அவற்றுக்குப் 'பார்' என்று பெயர். தொள்ளாயிரம் பார் என்பது அவற்றில் பிரசித்தமானது. இந்தப் பார்களில்தான் முத்துச் சிப்பி ஒட்டிக் கொண்டு வளர்கிறது. வளர்கிறது என்றால், வருஷா வருஷம் நெல் விளைகிற மாதிரி அல்ல. சிப்பிக் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து வந்து படிய வேண்டும். படிந்தவற்றை மணல் மூடாதிருக்க வேண்டும்; மீனும் நட்சத்திர மீனும் தின்னாதிருக்க வேண்டும். அப்புறம் நாலைந்து வருஷம் பொறுத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு முன்னதாக எடுத்தால் உள்ளே இருப்பது கடுகு. தாமதித்தால் சிப்பி தன் ஆயுள் முடிந்து செத்துப் போய், முத்து மணலோடு மணலாய்ப் போய்விடும்.

ஆகையால் சலாபம் எப்போது நடக்கும் என்பது மன்னர்களுக்கும் தெரியாது, கலெக்டர்களுக்கும் தெரியாது. பாண்டியர்களின் கொற்கைத் துறையைக் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதி வைத்த 'பெரிப்ளுஸ்' என்ற குறிப்பு நூல் சொல்கிறது; அங்கே குற்றவாளிகளைக் கொண்டு முத்துக் குளிக்கச் செய்தார்கள் என்றும் சொல்கிறது. கொற்கை இன்று கடலை விட்டு வெகு தூரம் உள்ளே தள்ளிப் போய்விட்ட ஒரு சிற்றூர். அப்புறம் பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ வந்தார். அவருக்கு முத்தைவிட, சுறா மீன்களின் வாயை மந்திரத்தால் கட்டுகிறவர்கள்தான் அதிசயமாய்ப் பட்டார்கள். அவர்களுக்கு நம்மூரில் 'கடல்கட்டி' என்று பெயர். மீன் வாயைக் கட்டினார்களோ இல்லையோ, குளிப்பவன் மனசிலிருந்த பயத்தைக் கட்டினார்கள். அதற்காக இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குக் கிடைத்து வந்தது. பிறகு போர்த்துக்கீசியர் வந்தார்கள். 1658-ல் டச்சுக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இங்கிலீஷ்காரர்கள். கொடி மாறியதே தவிர, பரதவர் காலில் கட்டிய கல்லோடு கடலில் இறங்குவதும், ஒரு நிமிஷத்துக்குச் சற்றுக் கூடுதலாக மூச்சை அடக்கிக் கைக்கு அகப்பட்டதை வாரிக் கொண்டு மேலே வருவதும் மாறவில்லை.

இங்கிலீஷ்காரர்கள் சலாபத்துக்கு முன்னால் ஒரு காரியம் செய்வார்கள். பார்களைப் பரிசோதித்துச் சில ஆயிரம் சிப்பிகளை மாதிரிக்கு எடுத்து, அவற்றிலுள்ள முத்துக்களை வியாபாரிகளைக் கொண்டு மதிப்பிடச் செய்வார்கள். திருப்தியாக இருந்தால் இன்ன தேதியில் இன்ன கடலில் சலாபம் நடக்கும் என்று விளம்பரம் போகும். அவ்வளவுதான், ஆளரவமில்லாத கடற்கரையில் பத்துப் பதினைந்து நாளில் ஓர் ஊர் முளைத்துவிடும். பனையோலைக் கொட்டகைகள், மிட்டாய்க் கடை, சாராயக் கடை, தராசுக்காரர்கள், முத்துக்குத் துளை போடுகிறவர்கள், பிச்சைக்காரர்கள், போலீஸ்காரர்கள் என்று சகலமும் வந்து சேரும். நடுநிசிக்கு மேல் தரைக்காற்றில் படகுகள் புறப்படும். மத்தியானம் கடற்காற்றில் பாய் விரித்துத் திரும்பும். அந்தப் படகுகள் கரைக்கு வரும் நேரத்தில் அத்தனை ஜனமும் தண்ணீர் விளிம்பில் நிற்கும். நடுநிசியில் கடை வாசலில் வரிசை நிற்கிறவர்களைப் பற்றிப் பத்திரிகையில் படித்தபோது எனக்கு இது ஏன் உடனே ஞாபகம் வரவில்லை என்றுதான் ஆச்சரியப்படுகிறேன்.

வந்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு. அது ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். பெரிய வியாபாரிகள் எடுத்து, குவித்து அழுக வைத்து, ஈயும் துர்நாற்றமும் ஊரைத் தூக்க, கழுவி முத்தெடுப்பார்கள். மிச்ச ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. அவர்கள் அழுகும் வரை காத்திருக்க முடியுமா? அன்றாடம் சாப்பிட வேண்டுமே! ஆகவே பத்து, ஐந்து என்று கரையிலேயே கூறு கட்டி விற்பார்கள். வாங்குகிறவன் அங்கேயே கத்தியால் நெம்பித் திறந்து பார்ப்பான். பெரும்பாலும் உள்ளே சதைதான் இருக்கும். என்றைக்கோ ஒரு நாள், யாருக்கோ ஒருவனுக்கு, ஒரு முத்து இருக்கும். அந்த ஒருவனைப் பற்றிய கதை மறுநாள் நூறு பேரைக் கரைக்கு இழுத்து வரும். கதையைப் பரப்பியவர்களில் சிப்பி விற்கிறவர்களும் உண்டு என்று நாம் ஊகித்துக் கொள்ளலாம்.

இப்படி ஒரு சலாபம் தூத்துக்குடியில் 1889-ல் நடந்தது. சென்னை மியூசியத்துத் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் துரை நேரில் வந்து பார்த்து அதைப் பற்றி ஒரு புஸ்தகமே எழுதியிருக்கிறார். அதே 1889-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் ஜப்பானின் கியோட்டோ நகரத்தில் புஸாஜிரோ யமவுச்சி என்ற ஒருவர் சீட்டுக்கட்டுச் செய்யும் கடை ஒன்று திறந்தார். பூப்படம் போட்ட சீட்டுக்கள். சூதாடுகிறவர்களிடத்தில் அவற்றுக்கு நல்ல கிராக்கி. அந்தக் கடைதான் இன்றைய நிண்டெண்டோ கம்பெனி! இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாதுதான். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இம்மாதிரிப் பொருத்தங்களை விட மனம் வராது. வாசகர்கள் மன்னிக்க வேண்டும்.

ஆனால் ஜப்பான் நம்முடைய கடற்கரைக்கு வேறொரு விதத்தில் நிஜமாகவே வந்து சேர்ந்தது. 1893-ல் மிக்கிமோட்டோ என்பவர் சிப்பிக்குள் ஒரு கருவை வைத்து, அதன் மேல் அரை உருண்டை முத்தை வளர்த்துக் காட்டினார். 1920-க்குப் பின் முழு உருண்டையான வளர்ப்பு முத்துக்கள் ஐரோப்பியக் கடைத்தெருவில் வந்து குவிந்தன. கடல் எப்போது தருமோ என்று காத்திருந்த சரக்கு, பண்ணையில் கணக்காக விளையத் தொடங்கியது. இயற்கை முத்தின் விலை சரிந்தது. தூத்துக்குடியில் 1928-ல் ஒரு சலாபம். அப்புறம் 27 வருஷம் ஒன்றுமில்லை. 1955-ல் திடீரென்று பார்கள் கண் திறந்தன. 1961 வரையில் சலாபங்கள் நடந்தன. 1973-ல் இதே ஊரில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் உருண்டையான வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினார்கள். பெரிய சாதனைதான். அதற்காகக் கடற்கரையில் யாரும் மிட்டாய்க் கடை போடவில்லை.

இனி பையனுடைய பெட்டிக்கு வருகிறேன். டெலிவிஷனோடு இணைத்து வீட்டில் விளையாடும் முதல் கருவி 1972-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 'ஒடிசி' என்று பெயர். ரால்ஃப் பேயர் என்ற எஞ்சினீயர் அதற்கு மூல புருஷர். சத்தம் கிடையாது, வர்ணம் கிடையாது. கறுப்புத் திரையில் இரண்டு மூன்று வெளிச்சப் புள்ளிகளும் ஒரு கோடும் நகரும். மைதானமோ காடோ வேண்டுமென்றால் படம் அச்சடித்த பிளாஸ்டிக் தாளைத் திரைமேல் ஒட்டிக் கொள்ள வேண்டும். போதாததற்குப் பெட்டிக்குள் பகடைக் காய்களும் சீட்டுக்களும் பொய்ப் பணமும் போட்டுக் கொடுத்தார்கள். சோழி உருட்டித் தாயம் ஆடும் நம் பாட்டிமார்கள் பார்த்திருந்தால், "இதற்கு எதற்கடா கரண்ட்?" என்று கேட்டிருப்பார்கள்.

இருந்தாலும் மனிதர்கள் வாய் பிளந்தார்கள். ஏனென்றால் அதுவரை டெலிவிஷன் காட்டியதைத்தான் பார்த்தோம். அன்றைக்குத்தான் நாம் திருகியபடி அது ஆடிற்று. 1977-ல் அட்டாரி கம்பெனியார் கொண்டு வந்த கருவியில் வர்ணம் வந்தது. 1983-ல் ஜப்பானில் நிண்டெண்டோவின் ஃபாமிக்கம். 1994-ல் சோனியின் பிளேஸ்டேஷன். தட்டையாயிருந்த உலகம் அதில் ஆழமும் அகலமும் பெற்றது. ஒவ்வொரு புதுக் கருவியும் பழசால் கனவிலும் செய்ய முடியாத ஒன்றைச் செய்தது. பையன்கள் தூங்காமல் கிடந்ததற்குக் காரணம் இருந்தது என்கிறேன்.

இங்கேயும் பார்கள் வெறுமையான கதை ஒன்று உண்டு. இலங்கைக் கரையில் 1905-ல் எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். அரசாங்கத்துக்கு 25 லட்சம் ரூபாய் வருமானம். அதைக் கண்டு மயங்கிய லண்டன் முதலாளிகள் ஒரு கம்பெனி சேர்த்து, வருஷத்துக்கு 3,10,000 ரூபாய் என்று 20 வருஷக் குத்தகை எடுத்தார்கள். 1907-க்குப் பிறகு சிப்பியைக் காணோம். கம்பெனி 1912-ல் மூழ்கிற்று. அமெரிக்காவில் 1983-ல் வீடியோ கேம் வியாபாரம் இதே மாதிரி ஒரேயடியாகப் படுத்தது. அட்டாரி கம்பெனி விற்காத விளையாட்டுப் பெட்டிகளை லாரி லாரியாகக் கொண்டுபோய் நியூ மெக்ஸிகோ பாலைவனத்தில் புதைத்தது. கட்டுக்கதை என்று பலர் நினைத்திருந்தார்கள்; 2014-ல் தோண்டி எடுத்துக் காட்டினார்கள். காசு தருகிற பார் என்றைக்கும் தரும் என்று நம்புவது முதலாளிகளின் சுபாவம் போலிருக்கிறது.

நம் தேசத்துக்கு இந்தச் சாமான்கள் பெரும்பாலும் பின்வாசல் வழியாகவே வந்தன. என் மருமகன் தூங்காமல் காத்திருந்த பெட்டி அசல் ஃபாமிக்கம் அல்ல, அதன் நகல். அதற்குள் போடும் மஞ்சள் கேஸட்டின் மேல் '9999 விளையாட்டுகள்' என்று அச்சடித்திருக்கும். போட்டுப் பார்த்தால் பத்துப் பதினைந்துதான் தேறும். மற்றதெல்லாம் அதே விளையாட்டு வேறு வேறு நம்பரில். இந்த மோசடி தெரிந்த பிறகும் 4,000-க்கு மேலே, 7,000-க்கு மேலே என்று தேடிக் கொண்டே போவார்களாம் பையன்கள்! எங்கேயாவது ஒன்று புதிதாக ஒளிந்திருக்காதா என்று. கேஸட் வேலை செய்யாவிட்டால் வாயால் ஊதிவிட்டுப் போடுவது சம்பிரதாயம். அதனால் பிரயோஜனம் உண்டா என்று கேட்டால், கடல்கட்டியின் மந்திரத்தால் பிரயோஜனம் உண்டா என்று நான் திருப்பிக் கேட்பேன்.

இன்றைக்கு என்ன ஆயிற்று? பையன் சொன்னது சரிதான். 'பழசு மாதிரியே, கொஞ்சம் பெரிசு.' இப்போது வரும் கருவிகளுக்கும் போன கருவிகளுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க நிபுணர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள். பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு வந்தபோது விலை 49,990 ரூபாய். 2021 ஜனவரியில் முன்பதிவு தொடங்கிய சில நிமிஷங்களிலேயே தீர்ந்துவிட்டது. வாங்கியவர்கள் யார்? பன்னிரண்டு வயசுப் பையனிடம் ஏது ஐம்பதாயிரம்? என் மருமகன் மாதிரி, முப்பது வருஷத்துக்கு முன் கேஸட்டை ஊதிக் கொண்டிருந்தவர்கள்தான் முண்டியடித்தார்கள் என்பது என் அபிப்பிராயம். குழந்தைகளுக்கோ, கருவி என்பது வீட்டில் கிடக்கும் செல்போன். குழாயில் தண்ணீர் வருவது மாதிரி அதில் விளையாட்டு வருகிறது. இலவசமாகவே வருகிறது.

இலவசம் என்றேன். கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் காலையில் மருமகன் பாங்குக் கணக்கைப் பார்த்துவிட்டு வாயடைத்து உட்கார்ந்திருந்தான். மூன்று மாதத்தில் ஐம்பது, நூறு, இருபது என்று துளித் துளியாக 3,400 ரூபாய் போயிருக்கிறது. எல்லாம் அந்தப் பெட்டிகளுக்கு. எந்த விளையாட்டு என்று நான் இங்கே சொல்லப் போவதில்லை. ஒன்றா இரண்டா, இப்படிப் பெட்டி விற்கிற விளையாட்டுகள் எத்தனையோ. காசு கொடுத்து மூடிய பெட்டியை வாங்க வேண்டும். திறந்தால் சட்டையோ, தொப்பியோ, துப்பாக்கிக்கு மேல் பூசும் வர்ணமோ வரும். எது வரும் என்பது அவரவர் அதிர்ஷ்டம். பெல்ஜியம் தேசத்தில் 2018-லேயே இதைச் சூதாட்டம் என்று தீர்மானித்துக் கம்பெனிகளை எடுக்கச் சொன்னார்கள். நம்முடைய பார்லிமெண்டு 2025 ஆகஸ்டில், பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடுத்துச் சட்டம் செய்தது. தங்க நிறத் துப்பாக்கியைக் கடையில் கொண்டு போய் விற்றுப் பணமாக்க முடியாதே! அது பொம்மைதான் என்று வாதிக்க எத்தனையோ வக்கீல்கள் கிடைப்பார்கள்.

மருமகன் கையை ஓங்கிவிட்டான். நான் தடுத்தேன். பையன் திருடவில்லை; அப்பாவின் ரகசிய எண்ணை அப்பாவே ஒரு நாள் அவசரத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அதற்கும் மேலே, எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. அவன் வாங்கியது என்ன? திறக்காத சிப்பி. இந்தக் கடற்கரையில் இரண்டாயிரம் வருஷமாக விற்று வந்த சரக்கு. ஒரு வித்தியாசம்தான் என் மனத்தை உறுத்திக் கொண்டிருந்தது. பார்களில் சிப்பி வளர நாலைந்து வருஷம் பிடித்தது. அந்த வருஷங்களில் சாராயக் கடையும் சிப்பிக் கூறும் மறந்து, குளித்தவனும் வாங்கியவனும் வீட்டுக்குப் போய் வேறு வேலை பார்த்தார்கள். மடியில் நாலு காசு சேர்ந்தது. பையனுடைய செல்போனில் இருக்கிற பாரில் சிப்பி ராத்திரியோடு ராத்திரியாக முளைக்கிறது. எடுக்க எடுக்க வளர்கிறது. சலாபம் முடிந்தது என்று கொட்டகையைப் பிரிக்கிறவர் யாரும் அங்கே இல்லை.

சாயங்காலம் பையனை அழைத்துக் கொண்டு கடற்கரைக்குப் போனேன். காலையில் நடந்ததைப் பற்றி நான் ஒன்றும் பேசவில்லை. தூரத்தில் துறைமுகத்துப் பளுதூக்கிகள் கண்டெய்னர்களை அடுக்கிக் கொண்டிருந்தன. ஏழு வயசில் இதே கரைக்கு என் அப்பாவோடு வந்த கதையைச் சொன்னேன். நாலணாவுக்குச் சிப்பி வாங்கினோம். அப்பா திறக்கப் போனார், நான் விடவில்லை. திருநெல்வேலிக்குப் போகும் ரயிலில் மணியாச்சி வரும் வரை அவற்றைத் துண்டில் முடிந்து மடியில் வைத்துக் கொண்டிருந்தேன். எதிரில் இருந்தவர்கள் மூக்கைப் பிடித்துக் கொண்டு வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள்.

"உள்ளே என்ன இருந்திச்சு தாத்தா?"

"ஒன்றும் இல்லை. நாற்றம்தான்."

பையன் சிரித்தான். காலையிலிருந்து அப்போதுதான் சிரித்தான்.

"அடுத்த வருஷம் வந்து வாங்கினீங்களா?"

"அடுத்த வருஷமும் சலாபம் நடந்தது. எனக்குத் தட்டம்மை போட்டிருந்தது. அப்பா என்னைக் கூட்டிக் கொண்டு வரவில்லை."

"அதுக்கு அடுத்த வருஷம்?"

"அதற்கப்புறம் இன்னும் நடக்கவில்லை" என்றேன்.